எட்டு டயரா, நான்கு டயரா? டொராண்டோ பனிக்கு பெர்ஃபார்மன்ஸ் ஆல் சீசன் டயர்கள்

டொராண்டோ பக்கம் கொஞ்சம் துடிப்பான கார் வைத்திருப்பவர்களுக்கு அக்டோபர் பிறந்தால் ஒரு கேள்வியும் கூடவே பிறக்கும். கோடைக்கு ஒரு செட், பனிக்கு ஒரு செட் என்று எட்டு டயர் வாங்கி, வருஷத்துக்கு இரண்டு தடவை கழற்றி மாட்டிக்கொண்டிருக்க வேண்டுமா? இல்லை, எல்லாப் பருவத்துக்கும் ஆகும், துடிப்பான காருக்கென்றே செய்த நல்ல பெர்ஃபார்மன்ஸ் ஆல் சீசன் நான்கை மாட்டிவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாமா?

பேச்சுக்கு ஒரு வண்டி வேண்டும் என்பதால் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐயை எடுத்துக்கொள்கிறேன். ஏழாம் தலைமுறை ஜிடிஐ பலவற்றில் 18 அங்குல ரிம், 225/40 டயர் (அகலம் 225 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 40 சதவீதம்). பெரிய கம்பெனிகள் எல்லோரும் இந்த அளவில் டயர் போடுகிறார்கள், ஒப்பிட வசதி. சிவிக் எஸ்ஐ, ஆடி ஏ3, பிஎம்டபிள்யூ 3 சீரிஸ் வைத்திருப்பவர்களுக்கு அளவு மாறுமே தவிர, கணக்கு மாறாது.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வகை டயர் புதிதாக இருக்கும்போது டொராண்டோவின் சாதாரணப் பனிநாளைச் சமாளித்துவிடும். சிக்கல் தேய்மானத்தில் இருக்கிறது. வாரண்டியில் போட்டிருக்கும் கிலோமீட்டரில் பாதிக்குச் சற்று மேல்தான் அதற்குப் பனியில் ஆயுள். மீதிக் கிலோமீட்டரை அது கோடையிலும் மழையிலும்தான் ஓட்டித் தீர்க்க வேண்டும். இந்தக் கணக்கைப் போடாமல் வாங்குபவர்கள்தான் மூன்றாவது, நான்காவது வருஷத்தில், முன்பு நன்றாகத்தானே இருந்தது என்று புலம்புகிறார்கள்.

களத்தில் இருப்பவை

முதலில் மிஷெலின் பைலட் ஸ்போர்ட் ஆல் சீசன் 4. 2020இல் வட அமெரிக்கச் சந்தைக்கு வந்தது, 45,000 மைல் வாரண்டி, நம் கணக்கில் சுமார் 72,000 கிலோமீட்டர். இதை மாட்டினால் ஸ்டியரிங் உடனே கேட்கும். 404 ஹைவேயிலிருந்து 401 ஹைவேக்கு இறங்கும் வளைவில் கோடை டயர் போட்டிருக்கிறோமோ என்று நினைக்க வைக்கும். மழையில் பிரேக் பிடிப்பதிலும் இந்த வகையில் முன்வரிசை ஆள். விலையும் முன்வரிசைதான்.

அடுத்தது கான்டினென்டல் எக்ஸ்ட்ரீம்கான்டாக்ட் டிடபிள்யூஎஸ் 06 பிளஸ். 2021இல் வந்தது, 50,000 மைல், அதாவது சுமார் 80,000 கிலோமீட்டர் வாரண்டி. மிஷெலின் அளவுக்குக் கூர்மை கிடையாது. வளைவில் திருப்பினால் ஒரு நொடியில் ஏதோ ஒரு பங்கு யோசித்துவிட்டுத்தான் திரும்பும். ஆனால் சவாரி மிருது, இரைச்சல் குறைவு, பெரும்பாலும் விலையும் கொஞ்சம் கம்மி. ஈரப்பனியில் புறப்படும்போது எனக்கு இதன்மேல்தான் நம்பிக்கை அதிகம். பனியை மட்டும் வைத்துத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் கான்டினென்டல் என்பேன். வருஷத்தில் எட்டு மாதம் ஓட்டும் சுகத்தையும் சேர்த்தால் மிஷெலின் மீண்டும் முன்னால் வந்துவிடும். இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் விளம்பரங்கள் காட்டுகிற அளவுக்குப் பெரிதல்ல.

பிரிட்ஜ்ஸ்டோன் பொடென்ஸா ஆர்ஈ980ஏஎஸ் பிளஸ், பைரெல்லி பி ஸீரோ ஆல் சீசன் பிளஸ் 3 இரண்டும் இதே கூட்டம்தான். இரண்டுக்கும் 50,000 மைல் வாரண்டி. குறை சொல்ல ஒன்றுமில்லை. நல்ல தள்ளுபடி வந்தால் தயங்காமல் எடுக்கலாம், முழு விலைக்கு என்றால் முதல் இரண்டைத் தாண்டிப் போக எனக்குக் காரணம் தெரியவில்லை.

பனியில் என்ன நடக்கிறது

டயர் பனியில் பிடிக்க மூன்று சங்கதிகள் வேண்டும்: குளிரில் இறுகாத ரப்பர், பனியைக் கவ்வும் பள்ளம், அந்தப் பள்ளக் கட்டைகளில் கத்தியால் கீறினாற்போல் இருக்கும் மெல்லிய வெட்டுகள். இந்த வெட்டுகளை டயர்க்காரர்கள் சைப் என்பார்கள்.

ரப்பரிலிருந்து ஆரம்பிக்கலாம். 7 டிகிரிக்குக் கீழே போனால் வின்டர் டயருக்கு மாறுங்கள் என்று கனடா அரசாங்கமும் சொல்கிறது, டயர்க் கம்பெனிகளும் சொல்கின்றன. அதற்காக 7 டிகிரி என்பது ஒரு கோடு, அதைத் தாண்டிய நொடியில் டயர் கல்லாகிவிடும் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாக இறுகுமே, அப்படித்தான். கோடை டயரின் கலவை சீக்கிரம் இறுக ஆரம்பிக்கும். உறைநிலைக்கு வெகு கீழே அதை ஓட்டினால் டிரெட்டில், அதாவது சாலையில் படும் ரப்பரில், விரிசலே விழலாம் என்று உற்பத்தியாளர்களே எச்சரிக்கிறார்கள். ஆல் சீசன் கலவை இன்னும் கீழே வரை தாக்குப்பிடிக்கும். வின்டர் டயர் அதற்கும் கீழே, மைனஸ் 20இலும் விரலால் அழுத்தினால் கொடுக்கும். டொராண்டோவில் ஜனவரியின் சராசரி வெப்பநிலை பூஜ்ஜியத்துக்கு நாலைந்து டிகிரிதான் கீழே. ஆல் சீசன் கலவைக்கு இது சங்கடமான இடமில்லை. மைனஸ் 20 தொடும் அந்தச் சில காலைகளில்தான் அது தடுமாறும்.

பள்ளத்தின் வேலை கொஞ்சம் விசித்திரமானது. மழையில் தண்ணீரை வெளியே தள்ளுவதுதான் அதன் வேலை. பனியில் நேர்மாறு, பனியை உள்ளே அடைத்து வைத்துக்கொள்ள வேண்டும். பனியைப் பனிதான் நன்றாகப் பிடிக்கும். கையில் உருட்டிய பனியுருண்டை தரைப் பனியில் ஒட்டிக்கொண்டு பெரிதாவது இதனால்தான். வின்டர் டயரின் டிரெட்டில் ஓட்டி முடித்த பிறகும் வெள்ளை அப்பியிருப்பது குறையல்ல, அதுதான் அந்த டயர் செய்யும் வேலை.

சைப்பில்தான் பெர்ஃபார்மன்ஸ் ஆல் சீசனின் தலைவலி தொடங்குகிறது. வெட்டுகள் அதிகமாக அதிகமாக, பனியைச் சுரண்டும் விளிம்புகள் கூடும். அதே வெட்டுகள் உலர்ந்த சாலையில் ரப்பர்க் கட்டையை நெளிய வைக்கும், ஸ்டியரிங் குழையும், கட்டை சூடேறிச் சீக்கிரம் தேயும். அதனால் இந்த வகை டயர்களில் சைப்பின் உள்சுவரை வளைத்து வளைத்துச் செய்கிறார்கள். கட்டைமேல் பளு ஏறும்போது ஒரு சுவர் இன்னொன்றோடு பூட்டிக்கொள்ளும், நெளிவு குறையும். புத்திசாலித்தனமான ஏற்பாடுதான். இருந்தாலும் 300 கிலோமீட்டர் வேகத்துக்குச் சான்று வாங்கிய டயரில், வின்டர் டயரில் இருக்கும் அத்தனை வெட்டுகளை வைக்க முடியாது. 401இல் 300 போகப்போவது யார் என்று கேட்காதீர்கள். அந்த வேகச் சான்றைக் காட்ட டயரில் போட்டிருக்கும் ஒய் எழுத்துக்காகத்தான் பாதிப் பேர் கூடுதல் பணம் கொடுக்கிறார்கள்.

இந்த வித்தியாசம் தெருவில் எவ்வளவு என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி பிரேக் பிடித்து நிற்கும் தூரத்தை உராய்வெண்ணை வைத்துக் கணக்கிட்டால், உராய்வெண் 0.8 உள்ள உலர்ந்த சாலையில் சுமார் 12 மீட்டர் வரும். 0.3 கிடைக்கும் இறுகிய பனியில் 33 மீட்டர். 0.25 என்றால் 39. 0.2 என்றால் 49. இவை சோதனையில் அளந்த எண்கள் அல்ல, பள்ளிக்கூட இயற்பியல். ஆனால் ஒன்று விளங்கும்: வழுக்கும் தரையில் பிடிப்பு 0.05 குறைந்தால் ஒன்றரைக் கார் நீளம் கூடுகிறது. இன்னொரு 0.05 குறைந்தால் இரண்டு காருக்கு மேல் கூடுகிறது. உலர்ந்த சாலையில் கண்டுகொள்ளாமல் விடுகிற சின்ன வித்தியாசம், பனியில் முன்னால் நிற்கும் வண்டியின் பம்பரில் முடிகிறது.

நான்கு சக்கரமும் இழுக்கும் ஆல் வீல் டிரைவ் இருக்கிறதே என்பார்கள். அது புறப்பட உதவும். நிற்பதற்கு எல்லாக் காருக்கும் நான்கு சக்கரத்திலும் பிரேக்தான் இருக்கிறது. ஆல் வீல் டிரைவ் வண்டிகள் பனியில் பள்ளத்தில் கிடப்பதற்கு முக்கியக் காரணம், அவை சுலபமாக வேகம் எடுத்துவிடுவதுதான்.

தேய்மானக் கணக்கு

கான்டினென்டல் டயரைக் கையில் எடுத்து டிரெட்டை உற்றுப் பாருங்கள். ரப்பர்க் கட்டைமேல் டி, டபிள்யூ, எஸ் என்று மூன்று ஆங்கில எழுத்துகள் பதிந்திருக்கும். டி உலர்ந்த சாலைக்கு, டபிள்யூ ஈரத்துக்கு, எஸ் பனிக்கு. மூன்றும் ஒரே ஆழத்தில் வெட்டப்படவில்லை. தேயத் தேய முதலில் மறைவது எஸ். அது மறைந்தால் டயர் இனி பனிக்கு ஆகாது என்று அர்த்தம். அப்புறம் டபிள்யூ போகும், கடைசியில் டி மட்டும் நிற்கும். ஒரு கம்பெனி தன் டயரின் பலவீனத்தைத் தானே டயரிலேயே எழுதி வைத்திருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. மற்றவர்களுடைய டயரும் இதே வரிசையில்தான் தேய்கிறது, எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

எண்ணில் பார்ப்போம். இந்த டயர்கள் புதிதில் ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் டிரெட் ஆழத்தோடு வருகின்றன. 1.6 மில்லிமீட்டருக்கு வந்தால் தூக்கி எறிய வேண்டும். ஆக, தேய்க்க இருப்பது 6.4 மில்லிமீட்டர். ஆனால் பனி படிந்த சாலையில் 4 மில்லிமீட்டருக்கு நெருங்கிய டயரை ஓட்டாதீர்கள் என்பது கனடா போக்குவரத்துத் துறையின் அறிவுரை. அப்படியென்றால் பனிக்கு உதவும் பகுதி 8இலிருந்து 4 வரை, வெறும் 4 மில்லிமீட்டர். 80,000 கிலோமீட்டர் ஓடும் டயர் சீராகத் தேய்கிறது என்று வைத்துக்கொண்டால், அதில் 50,000 கிலோமீட்டர்தான் பனிக்கு உரியது.

வருஷத்துக்கு 20,000 கிலோமீட்டர் ஓட்டுபவர் அக்டோபரில் புது டயர் மாட்டுகிறார். முதல் பனிக்காலம் 8 மில்லிமீட்டரில் தொடங்குகிறது. இரண்டாவது 6.4இல். மூன்றாவது 4.8இல் தொடங்கி, ஏப்ரலில் 4இல் முடிகிறது. நான்காவது பனிக்காலத்தை 3.2 மில்லிமீட்டரில் தொடங்க வேண்டும். அந்த நவம்பரில் டயரைப் பார்த்தால் பழசாகவே தெரியாது. ஒன்டாரியோ சட்டப்படி தகுதியானதுதான், மழையிலும் பரவாயில்லை. கடைக்காரர்கூட இன்னும் ஒரு வருஷம் ஓடும் என்பார், அதிலும் தப்பில்லை. பனி விழுந்த அன்றைக்குத்தான் தெரியும்.

இதற்கு மேல் ஜிடிஐ முன்சக்கர இழுவை வண்டி. முன்டயர் பின்டயரைவிட வேகமாகத் தேயும். 10,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை முன்பின் மாற்றவில்லை என்றால் இரண்டாவது பனிக்காலத்திலேயே முன்னால் 5 மில்லிமீட்டர், பின்னால் 7 என்று நிற்கும். டிரெட் அளக்கும் குச்சி சில டாலருக்குக் கிடைக்கிறது. நவம்பர் முதல் வாரத்தில் நான்கையும் உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு என்று மூன்று இடத்தில் அளந்து பாருங்கள். உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணம்) போயிருக்கிறது, புது டயர் வாங்குவதற்கு முன் அதைச் சரிசெய்யுங்கள்.

ஆக, ஆல் சீசன் ஒரே செட்தானே, செலவு பாதி என்பது அவ்வளவு சரியான கணக்கு இல்லை. பனிக்கும் அதையே நம்பினால் இரண்டரை, மூன்று வருஷத்தில் மாற்ற வேண்டும். இரண்டு செட் வைத்திருப்பவர் ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் தேய்க்கிறார். கோடை செட்டும் நாலைந்து வருஷம் வரும், பனி செட்டும் நாலைந்து பருவம் வரும். கூடுதல் செலவு என்று உண்மையில் இருப்பது இன்னொரு செட் ரிம்களும், வருஷத்துக்கு இரண்டு தடவை மாற்றுக் கூலியும், எடுத்து வைக்க இடமும்தான். வீடு என்றால் கராஜில் அடுக்கிவிடலாம். காண்டோ அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு இடம்தான் பெரிய தலைவலி. பருவக் கட்டணம் வாங்கிக்கொண்டு டயரைப் பத்திரமாக வைத்திருக்கும் கடைகள் இருக்கின்றன, அதையும் செலவில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஐஸ்

இதுவரை பேசியது பனி. டொராண்டோவில் ஆளைக் கவிழ்ப்பது பெரும்பாலும் ஐஸ். பகலில் உருகி, மாலையில் உறைந்து, பாலத்தின் மேலும் ஹைவேயில் ஏறும் வளைவிலும் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும். மைனஸ் 15 ஐஸைவிட மைனஸ் 2 ஐஸ்தான் அதிகம் வழுக்கும், ஏனென்றால் உறைநிலைக்குப் பக்கத்தில் அதன் மேல் மெல்லிய நீர்ப்படலம் இருக்கும். டொராண்டோவின் பனிக்காலம் பெரும்பாலும் அந்த வெப்பநிலையில்தான் ஊசலாடுகிறது. 2013 டிசம்பரில் கிறிஸ்துமஸுக்கு முன்னால் வந்த ஐஸ் புயல் நினைவிருப்பவர்களுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டாம்.

இங்கேதான் வின்டர் டயர் தனியாகப் பிரிந்து நிற்கிறது. பிரிட்ஜ்ஸ்டோன் பிளிஸாக்கின் ரப்பருக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கும், அவை அந்த நீர்ப்படலத்தை உறிஞ்சி ரப்பரை ஐஸில் படிய வைக்கும். மிஷெலின் எக்ஸ் ஐஸ் ஸ்னோ, கான்டினென்டல் வைகிங்கான்டாக்ட் 7, நோக்கியானின் ஹாக்கபெலிட்டா எல்லாம் அதே வேலையை வேறு வேறு வழியில் செய்கின்றன. நோக்கியான் பின்லாந்துக் கம்பெனி, 1934இலேயே லாரிக்குப் பனி டயர் செய்தவர்கள், அவர்களுக்கு இது பரம்பரைத் தொழில். பெர்ஃபார்மன்ஸ் ஆல் சீசன் எதுவும், மிஷெலினோ கான்டினென்டலோ, ஐஸில் இவற்றின் பக்கத்தில்கூட வராது. ஸ்டட் (உலோக முள்) போட்ட டயர் இன்னும் நல்லது, ஆனால் ஒன்டாரியோவில் வடபகுதிக்காரர்களுக்கு மட்டும்தான் அனுமதி.

மலைச் சின்னம்

டயரின் பக்கவாட்டில் இரண்டு அடையாளங்கள் இருக்கலாம். எம்+எஸ் என்பது ஒன்று. மண்ணுக்கும் பனிக்கும் ஆகும் என்ற பொருளில் போடுகிறார்கள், ஆனால் அதற்குப் பனியில் சோதனை எதுவும் கிடையாது, டிரெட்டின் வடிவத்தைப் பார்த்துப் போடுவது. மூன்று சிகர மலைக்குள் ஒரு பனிப்படிகம் என்பது இன்னொன்று. 1999இல் வந்தது. இதற்கு இறுகிய பனியில் சோதனை உண்டு, ஒரு குறிப்பு டயரைவிடக் குறைந்தது 10 சதவீதம் கூடுதல் இழுவை காட்ட வேண்டும். அந்தச் சோதனை முன்னோக்கி இழுப்பதை மட்டும்தான் அளக்கிறது. பிரேக், வளைவு, ஐஸ் எதுவும் அதில் சேராது. அதனால் சின்னம் இருந்தால் போதும் என்றும் நினைக்க வேண்டாம், இல்லையென்றால் பரவாயில்லை என்றும் விட வேண்டாம்.

மேலே சொன்ன நான்கு பெர்ஃபார்மன்ஸ் ஆல் சீசன்களுக்கும் எம்+எஸ் மட்டும்தான். இதற்கு நடைமுறை விளைவு உண்டு. கியூபெக்கில் பதிவான கார்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை மலைச் சின்னம் உள்ள டயர் சட்டப்படி கட்டாயம். மாண்ட்ரியாலுக்குக் குடிபெயர்ந்தால் இந்த நான்கையும் வைத்துப் பனிக்காலத்தில் வண்டியை எடுக்க முடியாது. ஒன்டாரியோவில் கட்டாயம் இல்லை. ஆனால் 2016 ஜனவரியிலிருந்து இன்சூரன்ஸ் கம்பெனிகள் வின்டர் டயருக்குத் தள்ளுபடி தந்தாக வேண்டும், எம்+எஸ் டயரைக் காட்டி அதை வாங்க முடியாது.

மலைச் சின்னமும் வேண்டும், ஒரே செட்டும் வேண்டும் என்பவர்களுக்காக ஆல் வெதர் என்று ஒரு வகை வந்திருக்கிறது. மிஷெலின் கிராஸ்கிளைமேட் 2 அதில் பேர் போனது. 2021இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது, 60,000 மைல் வாரண்டி, வி வடிவ டிரெட். பனியில் பெர்ஃபார்மன்ஸ் ஆல் சீசனைவிடத் தெளிவாக ஒரு படி மேல். ஆனால் ஜிடிஐயில் மாட்டினால் ஸ்டியரிங்கின் அந்தத் துள்ளல் போய்விடும், வேகத்தில் ஒரு ரீங்காரமும் கேட்கும். ஓட்டும் சுகத்துக்காக அந்தக் காரை வாங்கியவருக்கு வருஷம் பூராவும் அது ஒரு தண்டனை. டிரெட் ஒரு திசைக்கு மட்டும் ஆனது, இடப்பக்கத்து டயரை வலப்பக்கத்துக்கு மாற்ற முடியாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

நடுவில் ஒரு சமரசம் வ்ரெடஸ்டைன் குவாட்ராக் புரோ. மலைச் சின்னம் உண்டு, உயர்வேகச் சான்றும் உண்டு, ஸ்டியரிங் கிராஸ்கிளைமேட் அளவுக்குச் சோம்பாது. டச்சுப் பெயர்தான், ஆனால் 2009இலிருந்து முதலாளி நம்ம அப்பல்லோ டயர்ஸ், ஒரகடத்தில் பெரிய ஆலை வைத்திருக்கிறார்களே, அவர்களேதான். கனடாவில் பலருக்கு இந்தப் பெயர் பரிச்சயம் இல்லை என்பதால் விலையும் மிஷெலின் பக்கம் போகவில்லை. ஒரே செட்தான் முடியும், வாரக் கடைசியில் பனி பார்க்கவும் போக வேண்டும் என்பவருக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

இரண்டு செட் என்றால்

பனி செட்டுக்கு 18 அங்குல ரிம் வேண்டாம். ஜிடிஐக்கு 17 அங்குல ரிம்மில் 225/45 மாட்டினால் மொத்த விட்டம் அரை சதவீதம்தான் மாறுகிறது, வேகமானி பொய் சொல்லாது. பக்கச்சுவரின் உயரம் 90 மில்லிமீட்டரிலிருந்து 101க்கு ஏறும். பிப்ரவரி, மார்ச்சில் சாலைக்குள் புகுந்த தண்ணீர் உறைந்து, உருகி, தாரைப் பெயர்த்துப் போடும் குழிகளில் அந்த 11 மில்லிமீட்டர் ரப்பர் ஒரு ரிம்மைக் காப்பாற்றும். டயரும் விலை குறைவு.

வின்டர் டயரிலும் இரண்டு சாதி உண்டு. பிளிஸாக், எக்ஸ் ஐஸ் போன்றவை ஐஸுக்கு. மிஷெலின் பைலட் ஆல்பின் 5, பைரெல்லி சோட்டோஸீரோ 3 போன்றவை குளிர்ந்த, ஈரமான, வேகமான சாலைக்கு. ஸ்டியரிங் குழையாது, ஆனால் ஐஸில் முதல் வகை அளவுக்குப் பிடிக்காது. ஜிடிஐக்காரர்களுக்கு இரண்டாவது வகைமேல் ஆசை வரும். டொராண்டோவுக்கு நான் முதல் வகையைத்தான் சொல்வேன். ஜெர்மனியின் ஆட்டோபான் ஹைவேக்குச் செய்த டயர் அங்கேயே இருக்கட்டும். வின்டர் டயர் முன்னால் இரண்டு மட்டும் போடலாமா என்று இன்னும் சிலர் கேட்கிறார்கள். கூடாது, பின்பக்கம் சுழன்றுவிடும்.

இரண்டு செட் வைத்திருந்தால் இன்னொரு லாபம்: கோடை செட்டுக்கு ஆல் சீசன் என்ற சமரசமே தேவையில்லை, அசல் கோடை டயரையே மாட்டலாம். ஏப்ரலில் மாட்டி நவம்பரில் கழற்றும் டயருக்கு எஸ் எழுத்தால் என்ன பயன்?

யாருக்கு எது

டவுன்டவுனில் குடியிருப்பு, வேலைக்கு சப்வே, பனி கொட்டினால் வண்டியை எடுக்காமல் இருக்கலாம் என்றால் கான்டினென்டல் டிடபிள்யூஎஸ் போதும், 4 மில்லிமீட்டருக்கு வரும்போது மாற்றிவிடுங்கள். வருஷத்துக்கு எட்டாயிரம் கிலோமீட்டர்தான் ஓட்டுவீர்கள் என்றால் ஐந்து பனிக்காலம்கூட வரும், அதற்கு மேல் ரப்பரே வயதாகி இறுகிவிடும்.

மார்க்கமிலிருந்தோ மில்டனிலிருந்தோ தினமும் 401இல் வேலைக்குப் போகிறவர், அதிலும் ஆஸ்பத்திரி ஷிஃப்ட் மாதிரி காலை ஐந்து மணிக்கு, உப்பு லாரி வருவதற்கு முன்னால் கிளம்ப வேண்டியவர், இரண்டு செட் வைத்துக்கொள்ளுங்கள். லீவு சொல்ல முடியாத வேலைதான் இங்கே டயரைத் தீர்மானிக்கிறது. பேரி, காலிங்வுட் பக்கம் போனால் ஜார்ஜியன் வளைகுடாவிலிருந்து வரும் பனிச்சுவர் 400ஆம் ஹைவேயைப் பத்து நிமிஷத்தில் மூடிவிடும். ஒட்டாவா இன்னும் குளிர். அங்கெல்லாம் இந்த ஒப்பீட்டுக்கே வேலை இல்லை, வின்டர் டயர்தான்.

எல்லைக்குத் தெற்கே கதை மாறும். நியூ ஜெர்சி, பிலடெல்பியா, வர்ஜீனியாவில் பனி விழும், இரண்டு நாளில் போய்விடும். பெர்ஃபார்மன்ஸ் ஆல் சீசனுக்குச் சொந்த ஊர் அதுதான். நியூ ஜெர்சிக்கு கான்டினென்டல், சார்லட், அட்லான்டா என்றால் யோசிக்காமல் மிஷெலின்.

எதை வாங்கினாலும் அக்டோபரிலேயே வாங்குங்கள். முதல் பனி விழுந்த மறுநாள் கடைகளில் இரண்டு வாரத்துக்கு நேரம் கிடைக்காது, 225/40 மாதிரி அளவுகள் அதற்கு முன்பே தீர்ந்திருக்கும். மாட்டுவதற்கு முன் பக்கச்சுவரில் டாட் (DOT) என்று தொடங்கும் எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 3224 என்றால் 2024ஆம் வருஷத்தின் 32ஆம் வாரம் செய்தது. மூன்று வருஷம் கிடங்கில் கிடந்ததைப் புதுசு விலைக்கு வாங்க வேண்டாம். காற்றையும் மறக்காதீர்கள்: 5.6 டிகிரிக்கு சுமார் 1 பிஎஸ்ஐ இறங்கும். 20 டிகிரி நாளில் 38 வைத்த டயர் மைனஸ் 10 காலையில் 33க்குக் கீழே நிற்கும். மாதம் ஒரு முறை, வண்டி ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள்.